குரைத்து எடுத்த சொல்

வூச், பவூத்தி
18 செப்டம்பர் 1995

லெஷெக்,

நீ அம்மாவை வேசி என்று சொன்னாய். காது மந்தமான அம்மாவுக்கும் கேட்கும்படி, சிறையின் பார்வையாளர் அறையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும், எழுந்து நின்று சொன்னாய்.

நாங்கள் நலம், நீ நலமா என்று கடிதத்தைத் தொடங்குவதுதான் நம் வீட்டு வழக்கம். இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற அதிகாரிக்கும் சொல்லிவிடுகிறேன்: இதில் சங்கேதம் எதுவும் கிடையாது. ஓர் அக்கா தம்பியைத் திட்டுகிறாள், அவ்வளவுதான். அதற்கும் தடை இருந்தால் கறுப்பு மை பூசிக்கொள்ளுங்கள்.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் உன் நாற்காலியிலிருந்து தெரிந்தது மட்டும்தான் உனக்குத் தெரியும். அம்மா முந்தின நாள் தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டாள். உனக்குப் பிடித்த பூண்டுத் தொத்திறைச்சி நல்லதாகக் கிடைக்கவில்லை என்று இரண்டு சந்தை அலைந்தாள். ரயிலில் வழி முழுக்க வாய் மூடவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த ராணுவப் பையனுக்கு நீ பிறந்த கதை, உனக்கு அம்மை போட்ட கதை, எல்லாம் சொன்னாள். எங்கே போகிறோம் என்று மட்டும் சொல்லவில்லை. மகன் வெளியூரில் வேலை என்றாள்.

அவள் குரலைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பதினாறு வயதிலிருந்து தறிகளுக்கு நடுவில் நின்றவள். அங்கே மெதுவாகப் பேசினால் பக்கத்தில் இருப்பவளுக்கே கேட்காது. ஆலையை மூடியாயிற்று, தறிகளை உடைத்துக் காயலான் கடைக்குப் போட்டாயிற்று, அம்மாவின் குரல் மட்டும் இன்னும் அதே ஷிப்டில் இருக்கிறது. கோவிலில் அவள் பக்கத்தில் இருப்பவளிடம் ரகசியம் சொன்னால் பாதிரியார் ஜெபத்தில் வரியைத் தவற விடுகிறார்.

அந்தக் குரலில்தான் அன்று உன்னிடம் சொன்னாள். “உன்கூட வந்தவனுங்க ரெண்டு பேரும் வெளிய ஜாலியா சுத்துறானுங்க. நீ வாயத் தொறக்காம எல்லாத்தையும் உன் தலையில போட்டுக்கிட்டு இங்க உக்காந்திருக்க. ஃபிராயர்டா நீ. அம்மாவோட செல்ல ஃபிராயர்.” சொல்லிக்கொண்டே உன் கன்னத்தைக் கிள்ளினாள்.

ஃபிராயர் என்றால் ஏமாளி. நம் பவூத்திப் பேட்டையில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். சந்தையில் அழுகிய ஆப்பிளை வாங்கி வந்தால் அம்மா என்னை அப்படித்தான் திட்டுவாள். டிராமில் டிக்கெட் எடுப்பவன் ஃபிராயர். தையல் கூடத்தில் அடுத்த மாதம் சம்பளத்தைச் சேர்த்துத் தருகிறேன் என்று முதலாளி சொல்வதை நம்பி உட்கார்ந்திருக்கிற நாங்கள் இருபது பேரும் ஃபிராயர். அந்தச் சொல்லுக்கு யாரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்ததாக நான் பார்த்ததில்லை.

அறை அடங்கிப் போனதை நான் பார்த்தேன். அடுத்த மேசையில் ஒருவன் மனைவியின் கையைப் பிடித்திருந்தான், அதை விட்டுவிட்டு உன்னையே பார்த்தான். நீ அம்மாவைப் பார்க்கவில்லை. அந்த ஆளைப் பார்த்தாய், அவனுக்குப் பின்னால் இருந்த மொட்டைத் தலையனைப் பார்த்தாய். அவர்களைப் பார்த்துக்கொண்டே எழுந்து, அம்மாவிடம் அந்த வார்த்தையைச் சொன்னாய்.

ரயிலில் அம்மா என்னிடம் கேட்டாள்: “அவன் என்ன சொன்னான்? என் காதுல சரியா விழல.” எனக்கும் கேட்கவில்லை என்றேன். இரண்டு ஸ்டேஷன் தாண்டின பிறகு, “எனக்கு விழுந்துச்சு இவோனா,” என்றாள். அதற்குப் பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வெளியே வரிசையில் எப்போதும் எங்களுக்கு முன்னால் நிற்கும் ப்ரோன்காவை உனக்குத் தெரியும். அவள் புருஷன் உன் பகுதியில்தான் இருக்கிறான். நாங்கள் ரயிலுக்குக் காத்திருந்தபோது அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். “வெளிய அந்தச் சொல்லுக்கு ஏமாளின்னு அர்த்தம்மா. உள்ள அது மனுசனே இல்லங்கிற அர்த்தம். உள்ள ஒழுங்கான ஆளுங்கன்னு ஒரு கூட்டம் இருக்கு, அவங்களுக்குன்னு ஒரு பேச்சு இருக்கு, மேசை இருக்கு. ஃபிராயர் அந்த மேசைல உக்கார முடியாது. அவனுக்குக் கை குடுக்க மாட்டாங்க. அவன் தொட்ட ரொட்டியத் தொட மாட்டாங்க. ஒழுங்கான ஆள ஒருத்தர் அப்படிச் சொல்லிட்டா அவன் அந்த நிமிசமே திருப்பிக் குடுக்கணும். குடுக்கலேன்னா ஒத்துக்கிட்டான்னு கணக்கு.”

சொன்னது அம்மாவாக இருந்தாலுமா என்று கேட்டேன். அவள் அவித்த முட்டையை உரித்துக்கொண்டே சொன்னாள்: “இந்தச் சட்டம் போட்டவன் இன்குபேட்டர்ல பொரிஞ்சவன் போலருக்கு.”

லெஷெக், ஆலையின் டைரக்டர் தறிகளையே விற்றான். கட்டடத்தை விற்றான். இப்போது ஜெர்மன் கார் விற்கிறான், கடை வாசலுக்கு மேல் அவன் பெயரை விளக்கில் எழுதி வைத்திருக்கிறான். நீ அதே ஆலையின் சுவரிலிருந்து செப்புக் கம்பியை உருவினாய், உன்னைப் பிடித்தார்கள். இது அநியாயம் என்று நான் எல்லோரிடமும் சண்டை போட்டேன். வக்கீலிடம், மாமாவிடம், பாதிரியாரிடம். இப்போது என்ன சொல்லிச் சண்டை போடுவது?

உன் சட்டம் எனக்குத் தேவையில்லை. அம்மாவுக்கு எழுது. மன்னிப்பு என்ற சொல்லுக்கு உள்ளே வேறு அர்த்தம் இருந்தால் எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. அவளுக்குத் தெரிந்த அர்த்தத்தில் எழுது.

கடவுள் உன்னோடு இருக்கட்டும்.

உன் அக்கா
இவோனா


வூச்
29 அக்டோபர் 1995

லெஷெக்,

உன் கடிதம் வந்தது. அதைக் கடிதம் என்று சொல்வதென்றால். அப்படியே திருப்பி எழுதுகிறேன், நீயே ஒரு தடவை படித்துப் பார்: ‘அம்மாவை அடுத்த பார்வை நாளுக்குக் கூட்டி வா. அன்று இருந்தவர்கள் முன்னால், சொன்னதைக் குரைத்து எடுக்கச் சொல். முக்கியம். சிகரெட் கொண்டு வா.’

குரைத்து எடுப்பது. பள்ளியில் படித்திருக்கிறோம். பழைய காலத்தில் ஒருவன் மேல் வீண்பழி சொன்னவன் பெஞ்சுக்கு அடியில் புகுந்து, நாயைப் போலப் பொய் சொன்னேன் என்று சொல்லிக் குரைக்க வேண்டும். பெஞ்சு போய்விட்டது, சொல் மட்டும் மிச்சம் இருக்கிறது. விளையாட்டில் சண்டை வந்தால் நாம் ஒருவரையொருவர் மிரட்டுவோம்: “சொன்னத கொரைச்சு எடுடா.” அதை நீ அம்மாவுக்கு எழுதியிருக்கிறாய். அவள் பெயரைக்கூட எழுதவில்லை. உறைமேல் என் பெயர்தான்.

அதற்கு முந்தின சனிக்கிழமை நான் தனியாக வந்தேன், நீ பார்க்க மறுத்துவிட்டாய். பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். ப்ரோன்கா இருந்தாள். அவள் புருஷன் மூலமாகக் கேட்டதை எனக்குச் சொன்னாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள், பாவம், அடக்க முடியவில்லை.

“உன் தம்பி மாட்டிக்கிட்டான்மா. உங்க அம்மா அவன ஃபிராயர்னு சொன்னாங்க, அவன் திருப்பிக் குடுத்தான், அதோட சரியாப் போச்சுன்னு நெனச்சான். ஆனா உள்ள இன்னொரு சட்டம் இருக்கே. ஒழுங்கான ஆளோட தாயப் பத்தி எவனாவது தப்பாப் பேசினா அவன ஒதைக்கணும். இவன் பேசினது யாரோட தாய? ஒழுங்கான ஆளோட தாய. அந்த ஆளு யாரு? இவனேதான். அப்ப யார யாரு ஒதைக்கிறது? இவனே இவன ஒதைச்சுக்கணும். ரெண்டு வாரமா செல்லுல பஞ்சாயத்து ஓடுது. வக்கீலுங்க தோத்தாங்க போ.”

நானும் சிரித்தேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் சிரித்தேன். அந்த வாயிலில், அந்த மழையில், இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

பிறகு அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு மீதியைச் சொன்னாள். தீர்ப்பு வரும் வரை நீ மேசையில் உட்காரக் கூடாதாம், தட்டைக் கையில் பிடித்துக் கதவுப் பக்கம் நின்று சாப்பிடுகிறாய். மொட்டைத் தலையன்தான் அங்கே பெரியவன். அவன் சொல்லிவிட்டான்: தாய் வந்து அதே அறையில் தன் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டால் அது சொல்லப்படவே இல்லை என்று கணக்கு. அது சொல்லப்படவில்லை என்றால் நீ பதிலுக்குச் சொன்னதும் சொல்லப்படவில்லை. எல்லாம் பழையபடி. எடுக்கவில்லை என்றால் நீ கீழே. கீழே என்றால் என்ன என்று கேட்டேன். “பொட்டப் புள்ள, உனக்கெதுக்கு அது,” என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குப் புரிந்தது.

உன் கடிதத்தை அம்மாவிடம் காட்டக் கூடாது என்றுதான் இருந்தேன். தபால்காரர் கையெழுத்துக் கேட்டபோது அவளும் பக்கத்தில் நின்றாள். “யாரு, லேஷுவா? படி, படி.” அவளுக்குக் கேட்க வேண்டும் என்றால் நான் எப்படிப் படிக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். சமையலறையில் நின்றுகொண்டு உன் நான்கு வரியை நான் கத்தினேன். கீழ்வீட்டு யாத்விகா மாடி ஏறி வந்து கதவைத் தட்டினாள். “நாய் வாங்கிருக்கீங்களா? வளக்கறதா இருந்தா முன்னாடியே சொல்லிட்டு வளங்க, எனக்கு முடி ஒத்துக்காது.”

அம்மா அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். நாய் இல்லை, லேஷு கடிதம் போட்டிருக்கிறான் என்றாள். அவள் போன பிறகு என்னை எல்லாவற்றையும் சொல்லச் சொன்னாள். நான் சொன்னேன். கீழே போவது என்ன என்பதை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன். அம்மா மேசைத் துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

“கொரைக்கணும்னா கொரைச்சுட்டுப் போறேன். காசா பணமா,” என்றாள்.

நான் கத்தினேன். அம்மா, நீ ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னாய், அந்த இரண்டு பேருக்காக அவன் உட்கார்ந்திருக்கிறான், அதற்குப் பெயர் ஏமாளித்தனம் இல்லாமல் வேறு என்ன என்றேன். “ஆமா,” என்றாள். “அதனால என்ன? உண்மையச் சொல்லி அவன நிக்க வச்சு சாப்பிட விட்டேன். பொய்ய சொல்லி உக்கார வைக்கிறேன்.”

நவம்பர் பதினொன்றாம் தேதி சனிக்கிழமை வருகிறோம் என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். இனி என் வார்த்தை. ஆலையில் ஃபோர்மன் ஒரு பெண்மேல் கை நீட்டினபோது தறியை நிறுத்திவிட்டு அவனை மன்னிப்புக் கேட்க வைத்தவள் நம் அம்மா. அப்போது நமக்கு விவரம் தெரியாது, யாத்விகா இன்றும் அந்தக் கதையைச் சொல்வாள். அவளை நீ குரைக்க வைக்காதே. வர வேண்டாம் என்று ஒரு வரி எழுது. நீ எழுதினால் நிற்பாள், நான் சொன்னால் நிற்க மாட்டாள்.

அங்கே உனக்கு என்ன ஆகும் என்று நினைத்தால் எனக்குத் தையல் ஊசி கையில் ஏறுகிறது. அப்படியும் கேட்கிறேன். வேறு செல்லுக்கு மாற்றச் சொல்லிக் கேள். டாக்டரிடம் போ. ஏதாவது செய். அம்மாவை விட்டுவிடு.

கடவுள் உன்னைக் காக்கட்டும், உன் மேசை காக்காவிட்டாலும்.

இவோனா


வூச்
27 டிசம்பர் 1995

லெஷெக்,

நீ எழுதவில்லை. நாங்கள் வந்தோம்.

அன்று நான் உன்னிடம் எதுவும் பேசவில்லை, அதனால் இதை எழுதுகிறேன். அங்கே நடந்ததற்கு முன்னால் என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

ரயிலில் அம்மா ப்ரோன்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாடம் கேட்டாள். எந்தச் சொல் சொன்னால் சரி, எந்தச் சொல் சொன்னால் மறுபடி தப்பாகும் என்று. ப்ரோன்கா சொன்னாள்: “நாய்னு சொல்லாதீங்க, அது போலீஸு. என் கண்ணே, என் செல்லமேன்னு எதுவும் வேணாம், எது எப்படித் திரும்பும்னு எனக்கே தெரியாது. கன்னத்தத் தொடாதீங்க. எழுந்து நில்லுங்க, சொல்லத் திரும்ப எடுத்துக்கிறேன்னு சொல்லுங்க, உக்காருங்க.” அம்மா வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அவள் வாய்க்குள் சொன்னது அந்தப் பெட்டி முழுக்கக் கேட்டது. ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள்.

அறைக்குள் நுழைந்ததும் மொட்டைத் தலையன் அதே மேசையில் இருப்பதைப் பார்த்தேன். அவனோடு ஒரு சின்னப் பெண் குழந்தை, மடியில் பொம்மை. அடுத்த மேசைக்காரனும் இருந்தான். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. காவலனுக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை, கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

நீ உட்கார்ந்திருந்தாய். இளைத்திருந்தாய். அம்மா நாற்காலியில் உட்காரவே இல்லை. கைப்பையை வயிற்றோடு பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் குரலில் சொன்னாள்: “போன தடவ இங்க ஒரு சொல்லு சொன்னேன். அது பொய்யி. என் மகன் அது இல்ல. சொன்னதத் திரும்ப எடுத்துக்கிறேன். எல்லாருக்கும் கேட்டுச்சா?”

கேட்டுச்சா என்பதை ப்ரோன்கா சொல்லித் தரவில்லை. ஆலையில் பழகினது அது.

மொட்டைத் தலையன் தலையை ஆட்டினான். “தாய்க்கு மரியாத,” என்றான். அவன் அப்படிச் சொன்னபோது அவனைச் செருப்பால் அடிக்க வேண்டும் போல் இருந்தது. அவன் பக்கம் திரும்பி, “சரி,” என்றாய். அவனிடம் சொன்னாய், லெஷெக். அம்மாவிடம் இல்லை. அம்மா உட்கார்ந்தாள். நீ என்னிடம் தொத்திறைச்சி கிடைத்தது, காலுறை அனுப்பு, வக்கீல் என்ன சொன்னார் என்று பேசினாய். மீதி நேரம் முழுக்க அவள் வாயைத் திறக்கவில்லை. கிளம்பும்போது உன் கையைத் தொடப் போனவள், தொடாமல் என்னைப் பார்த்தாள். தொடலாமா என்று கேட்கிற பார்வை. எனக்கும் தெரியவில்லை. அதற்குள் மணி அடித்துவிட்டது.

நீ இப்போது மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்று ப்ரோன்கா சொன்னாள். நல்லது. கோபம் இருந்தாலும் அந்த இரவு எனக்குத் தூக்கம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேள். அம்மா பேசுவதில்லை. நோய் இல்லை, டாக்டரிடம் காட்டினேன். சாப்பிடுகிறாள், துவைக்கிறாள், கடைக்குப் போகிறாள். கடையில் விரலைக் காட்டி வாங்குகிறாள். யாத்விகா வந்தால் தலையை ஆட்டுகிறாள். யாத்விகா என்னிடம் வந்து, “நான் என்ன தப்பு பண்ணேன்? நாய்னு கேட்டதுக்கா இவ்வளவு கோவம்?” என்று அழுதாள். உனக்கு ஒரு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தால், பேனாவை வைத்துக்கொண்டு, அப்போது மட்டும் வாய் திறந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் என்னைக் கேட்கிறாள். “‘கோழி’ எழுதலாமா? ‘அடுப்பு’ எழுதலாமா? அதுக்கு உள்ள என்ன அர்த்தம்?” எனக்கு என்ன தெரியும். சரி, எழுது என்பேன். எழுத மாட்டாள். நான் பிறந்ததிலிருந்து இந்தச் சமையலறையில் அவள் குரல் ஓயாமல் இருந்திருக்கிறது. எத்தனையோ தடவை கொஞ்சம் நிறுத்தேன் என்று நானே கத்தியிருக்கிறேன். இப்போது வேலை முடிந்து வந்தவுடன் ரேடியோவைப் போடுகிறேன். எதைப் பற்றிப் பேசுகிறான் என்றுகூடக் கேட்பதில்லை. யாராவது பேச வேண்டும்.

அவளுக்குப் பயம். இந்த வயதில், அவள் சொந்த பாஷையில், தான் சொல்கிற எதுவும் தான் நினைக்கிறதைச் சொல்லாது என்று பயம். சொன்னால் உன்னை மறுபடி நிற்க வைத்துவிடுவாள் என்று பயம். நீங்கள் உங்களுக்கென்று ஒரு பேச்சு வைத்துக்கொண்டதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. காவலனுக்குப் புரியக் கூடாது, சரி. வெளியிலும் அப்படித்தானே. டைரக்டர் பேசுவது யாருக்குப் புரிந்தது? ‘மறுசீரமைப்பு’ என்றான், இரண்டாயிரம் பெண்கள் வீட்டுக்குப் போனார்கள். ஆனால் அவன்கூட எங்களைத் துரத்தினானே தவிர, எங்கள் வாயிலிருந்த சொல்லைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. நீங்கள் பிடுங்கிக்கொண்டீர்கள்.

ஒன்று கேட்கிறேன். அம்மா அந்த அறையில் ‘அது பொய்’ என்றாள். பொய்யா? அந்த இரண்டு பேரில் ஒருவனைப் போன வாரம் பியோத்ர்கோவ்ஸ்கா தெருவில் பார்த்தேன். புதுத் தோல் கோட்டு. “தம்பி எப்படி இருக்கான்?” என்று விசாரித்தான். “கில்லாடிப் பய,” என்றான். நான் பெயர் எழுதவில்லை, அதிகாரி கவலைப்பட வேண்டாம். அவன் உன்னைப் புகழ்ந்த சொல் பொய், அம்மா உன்னைத் திட்டின சொல் உண்மை. இது உனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுந்து கத்தினாய் என்று நினைக்கிறேன்.

கிறிஸ்துமஸ் இரவுச் சாப்பாட்டுக்கு நாங்கள் இரண்டு பேர்தான். கெண்டை மீன் வாங்கவில்லை, உப்புப் போட்ட ஹெர்ரிங் மீனே போதும் என்று முடிவு செய்தோம். பீட்ரூட் சூப் வைத்தாள். எதிர்பாராமல் வருகிற விருந்தாளிக்கு ஒரு தட்டு அதிகமாக வைப்பது வழக்கமில்லையா, அந்தத் தட்டையும் வைத்தாள். யாரும் வரவில்லை. யார் வருவார்கள். முதல் நட்சத்திரம் தெரிந்ததும் கோவிலிலிருந்து கொண்டுவந்த வெள்ளை அப்பத்தை எடுத்துக்கொண்டு எதிரெதிரே நின்றோம். ஒருவர் அப்பத்தை மற்றவர் கிள்ளி, வாழ்த்துச் சொல்லித்தானே சாப்பிட வேண்டும். நான் சொன்னேன்: நல்ல உடம்பு, லெஷெக் சீக்கிரம் வரணும், கொஞ்சம் காசு. அவள் முறை வந்தது. அம்மா நின்றாள். உதடு அசைந்தது. பிறகு ஒன்றும் சொல்லாமல் என் அப்பத்திலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். என் வாழ்நாளில் அவள் வாழ்த்தாத கிறிஸ்துமஸ் இதுதான்.

அவள் அப்பத்தில் பாதியை உடைத்துத் தாளில் மடித்து என்னிடம் கொடுத்தாள். உள்ளே வைத்திருக்கிறேன். சோதனையில் நொறுங்காமல் வந்து சேர்ந்தால் உன் அதிர்ஷ்டம். நொறுங்கியிருந்தால் தூளைச் சாப்பிடு. உன் மேசையில் வைத்துப் பங்கு போடாதே. அது அவர்களுக்கு இல்லை.

சாப்பிட்டுவிட்டு அவளுக்கு வாழ்த்து எழுது. வாழ்த்து என்றால் ஒருவர் சொல்லி மற்றவர் திருப்பிச் சொல்வது. அவளால் தொடங்க முடியவில்லை. நீ தொடங்கு.

புது வருடத்தில் கடவுள் உனக்கு உடம்பைக் கொடுக்கட்டும், நாக்கையும் கொடுக்கட்டும்.

இவோனா


வூச்
3 மார்ச் 1996

லெஷெக்,

நீ பிப்ரவரியில் போட்ட கடிதம் கிடைத்தது. உறைமேல் என் பெயர். பல்வலி, பற்பசை, சிகரெட், வக்கீல். அப்பத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. பொட்டலம் செவ்வாய்க்கிழமை அனுப்பிவிட்டேன். பல்வலி மாத்திரை அவர்கள் உள்ளே விட்டால் கிடைக்கும்.

எனக்குத் தையல் கூடத்தில் வேலை போய்விட்டது. முதலாளி ஆர்டர் இல்லை என்கிறான். வேறு பார்க்கிறேன். நீ கவலைப்படாதே.

அம்மா அப்படியே இருக்கிறாள். ஒவ்வொரு பார்வை நாளும் உன்னிடம் வருகிறாளே தவிர, வந்து வாயை மூடிக்கொண்டு உட்காருகிறாள், நீயும் அவளைத் தாண்டி என்னிடம் பேசுகிறாய். எத்தனை நாள் இப்படி என்று எனக்குத் தெரியவில்லை. நான் இடையில் உட்கார்ந்துகொண்டு காலுறையைப் பற்றியும் வக்கீலைப் பற்றியும் பேச இனி வர மாட்டேன். அடுத்த தடவை அவளை ப்ரோன்காவோடு அனுப்புகிறேன். மேசைக்கு எதிரில் உனக்கு அம்மா மட்டும்தான் இருப்பாள்.

தினமும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு அம்மா கீழே இறங்கிப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்க்கிறாள். எனக்கு வந்தால் எடுத்து வந்து மேசைமேல் வைக்கிறாள். நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை, அதற்கு எந்த மேசையும் உன்னை இறக்காது. உறைமேல் அவள் பெயரை எழுது. ரெகீனா என்று எழுது. உள்ளே வெற்றுத்தாள் இருந்தாலும் பரவாயில்லை. இந்த வாரமே எழுது.

இவோனா